பண்டிகைக் காலத்திலும் எங்களுக்கு வார விடுப்பு வேண்டும்: ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்டத்து ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு,

நாங்கள் வருகை பதியும் இயந்திரத்துக்கு மேலே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. தீபாவளி முடியும்வரை வார விடுப்பு கிடையாது. அவசர விடுப்பும் கிடையாது. கடை இரவு பதினொன்றரை வரை திறந்திருக்கும்; கடைசி மூன்று நாட்கள் கூட்டம் கலையும்வரை. இந்த நாட்களில் வராதவர்களுக்குப் போனஸில் பிடித்தம் உண்டு. கீழே மேலாளரின் கையெழுத்தும் கடையின் முத்திரையும் இருக்கின்றன.

என் கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கிட்டத்தட்ட இதே வாசகம் பக்கத்துக் கடையிலும் எதிர்க்கடையிலும் ஒட்டியிருக்கிறது என்று அங்கே வேலை பார்க்கும் பெண்கள் பேருந்து நிறுத்தத்தில் சொன்னார்கள். ஒரு கடையின் கோளாறு என்றால் என் முதலாளியிடம் நேரில் போய்ச் சொல்லியிருப்பேன். இது உங்கள் எல்லோருடைய வழக்கமாகிவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மகன் ஏழாம் வகுப்பு, மகள் இரண்டாம் வகுப்பு. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோய் இறக்கும் வேலை என்பதால் பண்டிகைக் காலத்தில் அவரும் வீடு தங்குவதில்லை. மாமியாருக்குச் சர்க்கரை நோயால் கண் மங்கிவிட்டது. சாதாரண நாட்களில் காலை ஒன்பதரைக்குக் கடைக்கு வந்து இரவு எட்டரைக்குக் கிளம்புகிறேன். அதுவே சட்டம் சொல்லும் எட்டு மணி நேர வேலையைத் தாண்டியதுதான். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். அந்த நேரத்துக்குக் குடும்பத்தை எப்படியோ பழக்கிக்கொண்டோம். வாரத்தில் எனக்குக் கிடைக்கும் ஒரு நாளில்தான் துணி துவைப்பது, ரேஷன் வாங்குவது, மாமியாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, மகளுக்குப் பேன் பார்ப்பது, மகனின் நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பது எல்லாம் நடக்கின்றன. அந்த ஒரு நாளைத்தான் இப்போது எடுத்துவிட்டீர்கள்.

தீபாவளியோடு இது முடிவதும் இல்லை. ஆடித் தள்ளுபடியில் தொடங்குகிறது. புரட்டாசி கழிந்ததும் தீபாவளிக் கூட்டம். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து கிறிஸ்துமஸ் ஜவுளிக்கு வந்துவிடுவார்கள். பிறகு புத்தாண்டு, பொங்கல். மழைக்காலம் முழுவதும் எங்களுக்கு சீசன்தான். பிள்ளைகளின் காலாண்டு விடுமுறை, தீபாவளி விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை எல்லாம் இதே மாதங்களுக்குள்தான் வருகின்றன. பள்ளி திறந்திருக்கும் நாட்களில் என் மகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைத்துவிடும். மதியம் இருவருக்கும் சத்துணவு உண்டு. விடுமுறை விட்டால் இரண்டும் நின்றுவிடும். பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் வாரங்களிலேயே தாய் அதிக நேரம் கடையில் நிற்க வேண்டும் என்றால், அவர்களுக்குச் சோறு போடுவது யார்? பன்னிரண்டு வயதுப் பையன் அடுப்பைப் பற்றவைத்துத் தங்கைக்குத் தோசை ஊற்றுகிறான். அதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்போடுதான் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

கடந்த டிசம்பரில் என் மகளுக்கு மதியத்திலிருந்தே காய்ச்சல் அடித்திருக்கிறது. மகன் எனக்குப் பலமுறை அழைத்திருக்கிறான். எங்கள் செல்பேசிகளைக் காலையில் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது கடையின் விதி. இரவு சாவி கொடுத்த பிறகுதான் திரையில் அத்தனை அழைப்புகளையும் பார்த்தேன். அதற்குள் அவன் தங்கையைச் சைக்கிளில் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் துண்டால் தன் இடுப்போடு கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறான். பெரியவர்கள் யாரும் வரவில்லையா என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். மறுநாள் விடுப்புக் கேட்டேன். "கிறிஸ்துமஸ் முடியட்டும்" என்று பதில் வந்தது. காய்ச்சல் கிறிஸ்துமஸ் வரை காத்திருக்குமா என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் வேலை போகும் என்று விழுங்கிக்கொண்டேன். இன்று கேட்கிறேன்.

என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்திக்குக் கைக்குழந்தை இருந்தது. பதினான்கு மணி நேர நாட்களில் மார்பு கட்டிக்கொண்டு வலி தாங்காமல் கழிப்பறைக்குப் போவாள். பாலைப் பீய்ச்சிச் சாக்கடையில் விட்டுவிட்டு வருவாள். ஒரு நாள் நேரமாகிவிட்டது என்று சூப்பர்வைசர் வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அவளைக் கேட்டார். சீருடைச் சேலையின் முந்தானையை இழுத்து நனைந்த ரவிக்கையை மூடிக்கொண்டு, அவள் பதில் சொல்லாமல் கவுன்டருக்குத் திரும்பினாள். பொங்கலுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டாள். அவளைப் போல வேகமாக மடிக்கத் தெரிந்தவர் எங்கள் தளத்தில் வேறு யாரும் இல்லை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுப்பதற்கென்று நாளில் இரண்டு இடைவேளைகள் தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே வகுத்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் 2017-இல் திருத்தம் வந்தது. உங்களில் எத்தனை கடைகளில் ஐம்பது பேருக்குக் குறைவு? ஒவ்வொரு தளத்திலும் அத்தனை பேர் நிற்கிறோம். காப்பகம் எந்தத் தளத்தில் இருக்கிறது?

சட்டத்தைப் பேச்சுக்கு இழுப்பது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் போனஸில் பிடிப்போம் என்று முதலில் எழுத்தில் மிரட்டியது நீங்கள்தான். போனஸ் என்பது நீங்கள் மனம் கனிந்து இனிப்புப் பெட்டியோடு கொடுக்கும் அன்பளிப்பு அல்ல. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் 8.33 விழுக்காட்டுக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டம் வகுத்தது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த அளவு அப்படியே இருக்கிறது. மோசடி, வன்முறை, திருட்டு, நாசவேலை போன்ற குற்றங்களுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்தான் அதை இழப்பார். காய்ச்சலில் கிடக்கும் மகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு நாள் வீட்டில் இருந்தவளை நீங்கள் அந்த வரிசையில் சேர்க்கிறீர்கள்.

இரவு நெடுநேரம் கடை திறந்திருக்க அனுமதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு ஆணை போட்டது. 2022-இல் அதை நீட்டித்தது. அந்த ஆணையின் முதல் பாதியைத்தான் நீங்கள் எல்லோரும் படித்திருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வார விடுப்புத் தர வேண்டும், அன்றன்று யார் விடுப்பில் இருக்கிறார்கள் என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும், பெண்களை இரவு எட்டு மணிக்கு மேல் வைத்துக்கொள்ள அவர்களுடைய எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும், உரிய பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் செய்துதர வேண்டும் என்பவையும் அதே ஆணையின் நிபந்தனைகள். ஒப்புதல் வாங்கியிருக்கிறோம் என்று உங்கள் மேலாளர்கள் ஒரு கோப்பை எடுத்துக் காட்டுவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல், இன்னும் என்னென்னவோ தாள்களோடு அதிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வேலை கிடைத்தால் போதும் என்று நின்ற பெண், நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள். மகளின் பள்ளி ஆண்டுவிழா அன்று இரவும் பதினொன்றரை வரை நிற்கிறேன் என்று அவள் சொல்லவில்லை. 1947-ஆம் ஆண்டு கடைகள் சட்டப்படி இடைவேளையையும் சேர்த்து ஒரு நாள் வேலை பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. காலை ஒன்பதரையிலிருந்து இரவு பதினொன்றரை வரை எத்தனை மணி நேரம் என்பதை நீங்களே கூட்டிப் பாருங்கள்.

பதினொன்றரை என்பதும் உண்மையில்லை. வாடிக்கையாளர்கள் போன பிறகு, பகல் முழுவதும் விரித்துப் போட்ட சேலைகளை எல்லாம் மடித்து, நிறம் பார்த்து, விலைவாரியாக அடுக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. பிறகுதான் எங்கள் பைகளைச் சோதித்து வெளியே விடுவார்கள். மானூர், சீதபற்பநல்லூர், கங்கைகொண்டான் பக்கத்துப் பெண்களுக்கு மகளிர் கட்டணமில்லாப் பேருந்து அந்நேரத்தில் ஏது? நான்கைந்து பேராகச் சேர்ந்து ஆட்டோ பிடிக்கிறார்கள். ஒரு நாள் சம்பளத்தில் கணிசமான பங்கு அதற்கே போகிறது. வீட்டு வாசலில் அண்ணனோ கணவனோ நின்று, "இந்நேரம் வரை என்ன கடை?" என்று கேட்பதையும் அவர்களே தாங்கிக்கொள்ள வேண்டும்.

தீபாவளியன்று கடை விடுமுறை என்று பட்டியலில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி நான்கு தேசிய விடுமுறைகளும் ஐந்து பண்டிகை விடுமுறைகளும் எங்களுக்கு உண்டு. ஆனால் முந்தைய இரவு எங்களை விடும்போது தீபாவளி பிறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, எண்ணெய் காய்ச்சி, விடிவதற்குள் பிள்ளைகளை எழுப்பித் தலைக்கு வைத்து, புதுத்துணி கொடுத்து, இட்லி ஊற்றிய பிறகு, மகன் வெடி கொளுத்தும் சத்தம்கூடக் கேட்காமல் தூங்கிப்போகிறேன். முந்திரிக்கொத்து கேட்பாள் மகள். பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வெல்லப் பாகு காய்ச்சி, உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தெடுக்க அரை நாளாவது வேண்டும். என் அம்மா எங்களுக்கு ஒரு தீபாவளிக்கும் அதைத் தவறவிட்டதில்லை.

அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பீடி சுற்றியவர். முக்கூடல் பக்கத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காட்சி தெரியும்: மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும் நூலும், பக்கத்தில் தூளியில் பிள்ளை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. மிகக் குறைந்த கூலிதான். தூள் மூச்சில் ஏறி இருமல் அவரை விடவே இல்லை. அந்த வேலைக்கு நான் போகக் கூடாது என்றுதான் என்னைக் கல்லூரிவரை படிக்கவைத்தார். வெளிச்சமும் குளிர்சாதனமும் உள்ள கடையில் மகள் வேலை பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அந்த வேலை திரும்ப வர வேண்டும் என்று நான் நினைக்கவே மாட்டேன். ஆனாலும் பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அவரால் தட்டை இறக்கி வைத்துவிட்டு எழ முடிந்தது. படித்துவிட்டு அதைவிட நல்ல வேலைக்கு வந்திருக்கும் எனக்கு அது ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

உங்கள் தரப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆண்டு வியாபாரத்தில் பெரும்பங்கு இந்த வாரங்களில்தான் நடக்கிறது. செல்பேசியிலேயே துணி வாங்கும் பழக்கம் பெருகிவிட்டது. கடன் வாங்கிச் சரக்கு இறக்கியிருப்பீர்கள். கடை நன்றாக ஓட வேண்டும் என்று எங்களைவிட அதிகமாக விரும்புகிறவர் யார்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் நம் ஊர் வண்ணாரப்பேட்டையும் ஜங்ஷனும் மூழ்கிக் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் உங்கள் தளங்களில் படிந்த சேற்றைத் தள்ளி, நனைந்த துணிக்கட்டுகளைப் பிரித்துக் காயவைத்தவர்கள் நாங்கள். எங்களில் பலருடைய வீட்டில் சேறு அப்படியே கிடந்தது. அது இயற்கைப் பேரிடர்; முன்கூட்டித் தெரியாது. கூப்பிட்டீர்கள், வந்தோம். தீபாவளி எந்தத் தேதி என்பது ஓராண்டுக்கு முன்பே நாட்காட்டியில் அச்சாகிவிடுகிறது. சரக்குக்கு ஆறு மாதம் முன்பே சூரத்துக்கும் ஈரோட்டுக்கும் ஆள் அனுப்புகிறீர்கள். விளம்பரத்துக்கும் முன்கூட்டியே திட்டம் போடுகிறீர்கள். ஆட்களுக்கு மட்டும் கடைசி வாரத்தில் ஒரு தாளை ஒட்டி முடித்துவிடுகிறீர்கள்.

2024-இல் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. மக்கள் ஊருக்குப் போய்வரட்டும் என்று அரசு நவம்பர் 1 வெள்ளியையும் விடுமுறையாக்கி, அதற்கு ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமையை வேலைநாளாக அறிவித்தது. அவ்வளவு பெரிய அரசு இயந்திரமே ஒரு நாளை இப்படி மாற்றி வைத்துக்கொள்கிறது. இருநூறு முந்நூறு பேர் வேலை பார்க்கும் கடை ஏன் விடுப்பை மாற்றித் தரக்கூடாது? எங்கள் சேலைப் பிரிவுப் பெண்களே உட்கார்ந்து ஒரு மாலையில் பட்டியல் போட்டுவிடுவோம். எந்தக் கிழமை எந்த நேரத்தில் கூட்டம் வரும், யார் இல்லாவிட்டால் யார் சமாளிப்பார்கள் என்பது சூப்பர்வைசரைவிட எங்களுக்குத் தெரியும். எங்களை யாரும் கேட்டதில்லை.

கேட்காததால்தான் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பெண்கள் வெளியே வந்து பேசினார்கள். கடையில் உட்காரவும் கழிப்பறைக்குப் போகவும் உரிமை வேண்டும் என்று 'பெண்கூட்டு' அமைப்பில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018-இல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் தமிழ்நாடும் எங்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. எங்கள் தளத்துக்கு இரண்டு ஸ்டூல்கள் வந்தன. சீசன் தொடங்கியதும் வாடிக்கையாளர்களுக்கு இடைஞ்சல் என்று அவற்றைக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகக் கேட்கிறேன்.

அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில், தீபாவளி முதல் பொங்கல் வரைக்கும் யாருக்கு எந்த நாள் வார விடுப்பு என்ற பட்டியலை ஒட்டுங்கள். மிக நெருக்கடியான கடைசி வாரத்தில் ஒருவர் தன் விடுப்பை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தால், அடுத்த பதினைந்து நாட்களுக்குள் சம்பளத்தோடு மாற்று நாள் தருவதாகத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். போனஸ் பிடித்தம் என்ற வரியைத் திரும்பப் பெறுங்கள். போன ஆண்டு பிடித்ததையும் திருப்பிக் கொடுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் வேலை என்றால் அந்த வாரத்துக்கு அந்த வாரம் ஒப்புதல் கேளுங்கள், மறுப்பவரைப் பகைக்காதீர்கள். இருப்பவர்களுக்கு, சேலை மடிக்கும் நேரத்தையும் சேர்த்து, இரட்டிப்புக் கூலியை வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டு வாசல்வரை வேன் விடுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்குக் கடையை அடைத்துவிடுங்கள். ஒரு கடை மட்டும் அடைத்தால் வியாபாரம் அடுத்த கடைக்குப் போய்விடும் என்று பயப்படுவீர்கள். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன், கூடிப் பேசி ஒரே நேரத்தில் அடையுங்கள். எங்களோடு வேலை பார்க்கும் கிறிஸ்தவப் பெண்களுக்கு டிசம்பர் 24 மாலை ஆறு மணிக்கே விடை கொடுங்கள். அன்று இரவு ஆராதனைக்குப் பிள்ளைகளை அவர்கள் கூட்டிப்போக வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்மாருக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை வேண்டும், சட்டப்படியான இடைவேளைகள் வேண்டும். வண்ணாரப்பேட்டைக் கடைகள் சேர்ந்து பொதுவாக ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்த முடியும். பள்ளி விடுமுறை நாட்களில் பெரிய பிள்ளைகளும் அங்கே இருந்து மதியம் சாப்பிட வழி செய்யுங்கள். செல்பேசியைப் பூட்டித்தான் வைப்பீர்கள் என்றால், வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் உடனே எங்களுக்குச் சொல்ல ஒவ்வொரு தளத்திலும் ஓர் எண்ணையும் அதற்குப் பொறுப்பான ஆளையும் வையுங்கள். கிடங்கிலிருந்து ஸ்டூல்களைக் கொண்டுவந்து போடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் விடுப்புப் பட்டியல் ஒட்டப்படாவிட்டால், அறிவிப்புத் தாளின் படத்தோடும் எங்கள் கையெழுத்துகளோடும் தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுப்போம். அதற்கு முன் எங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எந்த நாளிலும் கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாக வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு தாய்
திருநெல்வேலி